சைனஸுக்குள் பல் இருக்குமா?

கேள்வி: எனக்கு 34 வயது. ஒன்றரை வருடமாக வலது கன்னத்தில் விட்டுவிட்டு வலி. குனிந்தால் கன்னம் கனக்கிறது. வலது மூக்கில் மட்டும் கெட்ட வாடையோடு சளி வருகிறது. சைனஸ் என்று பலமுறை ஆன்டிபயாட்டிக் கொடுத்தார்கள். சாப்பிடும்வரை குறைகிறது, நிறுத்தினால் திரும்பிவிடுகிறது. இப்போது சி.டி. ஸ்கேனில் சைனஸுக்குள் ஒரு பல் இருப்பதாகச் சொல்கிறார்கள். அது எப்படி அங்கே போனது? ஆபரேஷன் அவசியமா?

பதில்: பயப்படாதீர்கள். அரிதுதான், ஆனால் மருத்துவர்களுக்குத் தெரிந்த பிரச்சினை. இத்தனை நாள் பிடிபடாமல் இருந்த காரணம் இப்போது கிடைத்திருக்கிறது என்பதே நல்ல செய்தி.

கன்னத்துக்குப் பின்னால், மேல்தாடை எலும்புக்குள் இருக்கும் காற்றறைதான் இந்த சைனஸ். அதன் தரையும் மேல் கடவாய்ப் பற்களின் வேர்களும் மிக அருகருகே இருப்பவை. நடுவில் மெல்லிய எலும்புதான். சிலருக்கு அதுவும் இருக்காது. மேல் ஞானப்பல் வெளியே வர வழியில்லாமல் எலும்புக்குள்ளேயே தங்கும்போது, சில நேரம் அதைச் சுற்றி ஒரு நீர்க்கட்டி உருவாகும். கட்டி வளர வளர பல்லையும் மேலே தள்ளிக்கொண்டு போய் சைனஸுக்குள் விட்டுவிடும். இது வருடக்கணக்கில், சத்தமில்லாமல் நடக்கும். அந்தப் பக்கம் எப்போதாவது பல் பிடுங்கியிருக்கிறீர்களா? உடைந்த வேர் உள்ளே நழுவுவதும் உண்டு. இருந்தால் மருத்துவரிடம் மறக்காமல் சொல்லுங்கள்.

சாதாரண சைனஸ் தொந்தரவு பெரும்பாலும் இரண்டு பக்கமும் இருக்கும். ஒரே பக்கம், அதுவும் நாற்றத்தோடு, மருந்துக்கு அடங்காமல் நீடித்தால் முதலில் பல்லைத்தான் சந்தேகிக்க வேண்டும். ஆன்டிபயாட்டிக் கிருமியைக் குறைக்கும், பல்லும் கட்டியும் அங்கேயேதான் இருக்கும். ஆவி பிடிப்பதும் அப்படித்தான். அதனால் இன்னொரு கோர்ஸ் மாத்திரை வாங்கிச் சாப்பிட்டுக்கொண்டு தள்ளிப்போடாதீர்கள்.

தொந்தரவே தராமல் தற்செயலாகத் தெரியவரும் பல்லைச் சில சமயம் கண்காணித்தால் போதும். உங்களுக்கு வலியும் சீழும் இருக்கிறது, எடுத்துவிடுவதே சரி. மூக்கு வழியாக எண்டோஸ்கோப் விட்டு எடுக்கலாம். பல் பெரிதாகவோ எட்டாத இடத்திலோ இருந்தால், மேல் உதட்டுக்கு உள்பக்கம் ஈறுக்கு மேலே திறந்து எடுப்பார்கள். 1890களிலிருந்தே இருக்கும் முறை அது. முகத்தில் தழும்பு இருக்காது, ஆனால் கன்னமும் உதடும் சில வாரங்கள் மரத்துப்போகலாம். சிலருக்கு அது இன்னும் நீடிக்கும். காது மூக்கு தொண்டை நிபுணரும் முகத்தாடை அறுவை சிகிச்சை நிபுணரும் சேர்ந்து ஸ்கேனைப் பார்த்து முடிவெடுப்பது நல்லது.

இன்னொன்று. மின்சாரம் தாக்கியதுபோல் சில நொடிகள் மட்டும் சுரீர் சுரீரென்று வலித்தால், பல் தேய்க்கும்போதோ முகம் கழுவும்போதோ அது கிளம்பினால், நரம்பு வலியாக இருக்கலாம். பல்லை எடுத்தாலும் அது போகாது. நீங்கள் எழுதியிருக்கும் வலி அப்படித் தெரியவில்லை. ஆனாலும் நேரில் கேட்டு உறுதிசெய்துகொள்ளுங்கள்.

கன்னம் தொடர்ந்து மரத்துப்போவது, கண் பிதுங்குவது, பார்வை இரண்டாகத் தெரிவது, மூக்கில் ரத்தம், மேல் பல் ஆடுவது: இதில் எது இருந்தாலும் தேதிக்குக் காத்திருக்காமல் உடனே போங்கள்.

ஆபரேஷனுக்குப் பிறகு மருத்துவர் சொல்லும்வரை, பொதுவாக இரண்டு வாரம், மூக்கைச் சிந்தக் கூடாது. தும்மல் வந்தால் வாயைத் திறந்து தும்முங்கள். அப்புறம், எடுத்த கட்டியின் உறையை பயாப்ஸிக்கு அனுப்பினார்களா என்று கேட்டு, அந்த ரிப்போர்ட்டைக் கையில் வாங்கிக்கொள்ளுங்கள்.