பி.ஆர். (நிரந்தரக் குடியுரிமை அனுமதி) கேள்வி பதில்: டொராண்டோவுக்கு வெளியேயும் கனடா இருக்கிறது

கே: வயது 34. எக்ஸ்பிரஸ் என்ட்ரியில் (புள்ளி பார்த்து பி.ஆருக்கு ஆள் எடுக்கும் கனடா அரசின் முறை) 430 புள்ளிதான். வேலை ஆஃபர் வாங்கினால் ஏறுமா? (கோவை)

ஏறாது. வேலை ஆஃபருக்குத் தந்துவந்த புள்ளிகளை 2025 மார்ச்சில் எடுத்துவிட்டார்கள். ஆனால் அந்த ஆஃபரை வைத்து ஒரு மாகாணம் உங்களைப் பரிந்துரைத்தால் ஒரேயடியாக 600 சேரும்.

கே: பள்ளியில் பிரெஞ்சு படித்தேன். 200க்கு 197. உதவுமா? (புதுச்சேரி)

மதிப்பெண்ணுக்காகப் பிரெஞ்சு எடுத்தவர்களை நமக்குத் தெரியாதா என்ன! அந்த 197 இங்கே செல்லாது. டெஃப் கனடா அல்லது டி.சி.எஃப். கனடா தேர்வு எழுதவேண்டும். கேட்டல், பேசல், வாசித்தல், எழுதல் நான்கிலும் கனடாவின் மொழித்திறன் அளவுகோலில் நிலை 7 வந்தால் எக்ஸ்பிரஸ் என்ட்ரியின் பிரெஞ்சுப் பிரிவில் பி.ஆருக்கு விண்ணப்பிக்கத் தனி அழைப்பு உண்டு. 2025 மார்ச் 21 அன்று அதில் 379 புள்ளியே போதுமானதாக இருந்தது. கனடாவிலேயே வேலை பார்த்தவர்களுக்கான பிரிவில் அந்த ஆண்டு 500க்கு மேல் கேட்டார்கள். ஆங்கிலமும் ஓரளவு இருந்தால் கூடுதலாக 50 புள்ளி. நம்மவர்கள் சறுக்குவது கேட்டலிலும் பேசலிலும்தான். இலக்கணப் புத்தகத்தை மூடிவைத்துவிட்டு தினமும் ரேடியோ கேளுங்கள்.

நிலை 5தான் வருகிறதா? பிரெஞ்சு பேசும் சமூகங்களுக்கான முன்னோட்டத் திட்டம் 2025இல் தொடங்கியது. சட்பரி, டிம்மின்ஸ், கெலோனா உட்பட ஆறு இடங்கள். அங்கே அங்கீகாரம் பெற்ற முதலாளி ஒருவர் வேலை தரவேண்டும். கியூபெக் இந்தக் கணக்கிலேயே வராது; அதற்குத் தனித் தேர்வுமுறை.

கே: அட்லாண்டிக் திட்டத்தில் வேலை வாங்கித்தர ஏஜென்ட் 15 லட்சம் கேட்கிறார். கொடுக்கலாமா? (திருச்சி)

கொடுக்காதீர்கள். வேலையை விற்பது சட்டவிரோதம். நியூ பிரன்ஸ்விக், நோவா ஸ்கோஷியா, பிரின்ஸ் எட்வர்ட் தீவு, நியூஃபவுண்ட்லாந்து ஆகிய நான்கு அட்லாண்டிக் மாகாணங்களிலும் அங்கீகாரம் பெற்ற நிறுவனங்கள் மட்டுமே இத்திட்டத்தில் ஆள் எடுக்கமுடியும். ஏஜென்ட் சொல்லும் நிறுவனம் அப்படி அங்கீகாரம் பெற்றதா என்று மாகாண அரசிடமே சரிபாருங்கள். உங்கள் பக்கம் வேண்டியது, கடந்த ஐந்து ஆண்டில் 1,560 மணிநேர வேலை அனுபவம், மொழித்தேர்வு, படிப்புச் சான்று.

கே: பி.ஆர். வந்ததும் ஸ்கார்பரோ (டொராண்டோ) அண்ணன் வீட்டுக்குப் போய்விடலாமா? (யாழ்ப்பாணம்)

பி.ஆர். ஆனபின் எந்த மாகாணத்திலும் வாழ, கனடாவின் உரிமைச் சாசனம் 6ஆம் பிரிவு இடம் தருகிறது. ஆனால் உங்களைத் தேர்ந்தெடுத்த மாகாணத்திலேயே இருப்பேன் என்று எழுதிக்கொடுக்கும்போதே மனதில் ஸ்கார்பரோ இருந்தால் அது பொய்த்தகவல். நிரூபணமானால் ஐந்தாண்டுத் தடை. ஒரு குளிர்காலமாவது அங்கே இருந்து பாருங்கள். நானும் ஆறே மாதத்தில் கிளம்பிவிடும் எண்ணத்தோடு நியூ பிரன்ஸ்விக்கின் மங்டன் நகருக்கு வந்தவன்தான். ஒன்பது வருடமாகிறது, முருங்கைக்காய் மட்டும் இன்னும் உறைந்ததுதான் கிடைக்கிறது.