போனில் யாரையும் கைது செய்ய முடியாது

(வீட்டுக் கணினி, இணையப் பாதுகாப்பு, சட்ட உரிமை பற்றிய வாசகர் கேள்விகளுக்கு இந்தப் பகுதியில் பதில் சொல்பவர் திருச்சியில் வழக்கறிஞர். அதற்கு முன் அதே ஊரில் நெட் சென்டர் நடத்தியவர்.)

மும்பை போலீஸ் என்று வீடியோ காலில் வந்தார்கள். என் பெயருக்கு வந்த பார்சலில் போதைப்பொருள் இருந்ததாம். கேமராவை அணைக்கக் கூடாது, வீட்டில் யாரிடமும் பேசக் கூடாது என்றார்கள். "சரிபார்த்துவிட்டுத் திருப்பி அனுப்புவோம்" என்று சொன்னதை நம்பி, டெபாசிட்டை உடைத்து மூன்று லட்சம் ரூபாயை நானே அனுப்பிவிட்டேன். மகனிடம் சொல்லக் கூச்சமாக இருக்கிறது. பணம் கிடைக்குமா ஐயா?
— ஓய்வுபெற்ற ஆசிரியை, கும்பகோணம்

டீச்சர், உங்கள் மின்னஞ்சலைப் பார்த்த அன்றே போனில் பேசிவிட்டோம், புகாரும் பதிவாகிவிட்டது. இன்றைக்கு வேறு ஒருவர் இதே நிலையில், யாரிடமும் சொல்ல முடியாமல் இருப்பார். அவருக்காக உங்கள் அனுமதியோடு இங்கேயும் எழுதுகிறேன்.

முதல் வேலை, இணையப் பண மோசடிப் புகாருக்கான தேசிய உதவி எண் 1930-க்கு போன் போடுவது. ஸ்டேஷனுக்குப் போவது, வக்கீலைப் பார்ப்பது எல்லாம் அப்புறம். போன் போடும்போது வங்கியிலிருந்து வந்த குறுஞ்செய்தி கையில் இருக்கட்டும். எந்தத் தேதி, எத்தனை மணி, எவ்வளவு தொகை, எந்தக் கணக்குக்குப் போனது, பரிவர்த்தனை எண் என்ன என்றுதான் கேட்பார்கள். அந்த எண் கிடைத்தவுடன், பணம் போய்ச் சேர்ந்த வங்கிக்குத் தகவல் போகும். அந்தக் கணக்கில் இன்னும் பணம் இருந்தால் அப்படியே நிறுத்தி வைப்பார்கள். மோசடிக்காரன் அதைச் சும்மா விட்டு வைக்க மாட்டான். கமிஷனுக்காக யாரோ வாடகைக்குக் கொடுத்த கணக்குகள் வழியாகப் பிரித்துப் பிரித்து அனுப்பிக்கொண்டே இருப்பான். அதனால்தான் ஒவ்வொரு மணி நேரமும் முக்கியம். நிறுத்தப்பட்ட பணத்தை நீதிமன்றத்தில் மனுப் போட்டு மீட்கலாம். கை மாறி எடுத்துவிட்ட பணம் கிடைப்பது கஷ்டம். இதை உங்களிடம் மறைக்க எனக்கு விருப்பமில்லை.

வங்கி பொறுப்பேற்குமா என்று போனில் கேட்டிருந்தீர்கள். ரிசர்வ் வங்கி 2017 ஜூலை 6-ஆம் தேதி ஒரு சுற்றறிக்கை விட்டது. உங்கள் தவறும் இல்லாமல், வங்கியின் தவறும் இல்லாமல், நடுவில் எங்கோ நடந்த திருட்டில் பணம் போயிருந்தால், தகவல் வந்த 3 வேலை நாட்களுக்குள் வங்கியிடம் சொல்லிவிட்டால் உங்களுக்கு நஷ்டம் கிடையாது. சொன்ன நாளிலிருந்து 10 வேலை நாட்களுக்குள் வங்கி அந்தத் தொகையை வரவு வைக்க வேண்டும். ஓடிபியை நாமே சொல்லிவிட்டால், வங்கிக்குத் தெரிவிக்கும் வரை போன பணம் நம் தலையில். தெரிவித்த பிறகும் போனால் அது வங்கியின் தலையில். ஆனால் இவை எல்லாம் உங்கள் அனுமதி இல்லாமல் போன பணத்துக்கு. மிரட்டலுக்குப் பயந்து நீங்களே அனுப்பியதை "வாடிக்கையாளர் ஒப்புக்கொண்ட பரிவர்த்தனை" என்று சொல்லி வங்கி தட்டிக்கழிக்கப் பார்க்கும். விடாதீர்கள். எழுத்தில் புகார் கொடுத்து, முத்திரையோடு நகல் வாங்குங்கள். 30 நாளில் பதில் வராவிட்டாலோ, வந்த பதில் சரியில்லை என்றாலோ, ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். கட்டணம் இல்லை, வக்கீலும் தேவையில்லை. வயதான ஒரு பெண்மணி பதற்றத்தில் டெபாசிட்டை முறித்து முன்பின் தெரியாத கணக்குக்கு மொத்தமாக அனுப்பும்போது வங்கி ஏன் ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை என்று அந்த மனுவில் எழுதுங்கள். கேட்க வேண்டிய கேள்வி அது.

இனி சட்டம். வீடியோ காலில் அவர்கள் செய்யும் இந்த "டிஜிட்டல் கைது" இந்தியச் சட்டம் எதிலும் இல்லை. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 43-ஆம் பிரிவைப் பாருங்கள். கைது என்றால் போலீஸ்காரர் உடலைத் தொட வேண்டும், அல்லது அடைத்து வைக்க வேண்டும், இல்லையென்றால் சொல்லாலோ செயலாலோ நாம் அவர் காவலுக்கு உட்பட வேண்டும். இவ்வளவும் நேரில் நடப்பது. சூரியன் மறைந்து மறுநாள் உதிக்கும் வரை பெண்களைக் கைது செய்யக் கூடாது என்பதும் அதே பிரிவில்தான் இருக்கிறது. விதிவிலக்கான சூழ்நிலை என்றால் பெண் போலீஸ் அதிகாரி மாஜிஸ்திரேட்டிடம் முன் அனுமதி வாங்க வேண்டும். சாட்சியாக விசாரிப்பதற்குப் பெண்களையோ 60 வயதைத் தாண்டியவர்களையோ ஸ்டேஷனுக்கு வா என்று கட்டாயப்படுத்தக் கூடாது, வீட்டுக்குத்தான் வர வேண்டும். அது 179-ஆம் பிரிவு. விசாரணைக்கு ஆஜராகச் சொல்லும் 35-ஆம் பிரிவு நோட்டீஸை வாட்ஸ்அப்பில் அனுப்பக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2025 ஜனவரியில் சொல்லிவிட்டது. ஹரியானாவின் அம்பாலாவைச் சேர்ந்த ஒரு முதிய தம்பதி, உச்ச நீதிமன்றத்தின் பெயரிலேயே போலி உத்தரவைக் காட்டி ஏமாற்றப்பட்டதாக அந்த நீதிமன்றத்துக்கே எழுத, அதே வருடம் அக்டோபரில் நீதிமன்றம் தானாகவே வழக்கு எடுத்துக்கொண்டது. விவரம் தெரிந்தவர்களும் இதில் விழுகிறார்கள். உங்கள் மீது எந்தக் குறையும் இல்லை டீச்சர். மகனிடம் சொல்லுங்கள். "வீட்டில் சொல்லாதே" என்பது அவர்களுடைய முதல் ஆயுதம், அதை அவர்கள் கையிலேயே விட்டு வைக்க வேண்டாம்.

எங்கள் மாடி வீட்டுப் பையன்கள் வை-ஃபை பாஸ்வேர்டு கேட்கிறார்கள். நல்ல பையன்கள்தான். கொடுக்கலாமா?
— இல்லத்தரசி, கோவை

கொடுப்பது குற்றம் இல்லை. ஆனால் போலீஸ் வந்தால் உங்கள் வாசலுக்குத்தான் வரும். 2008 ஜூலை 26 அன்று அகமதாபாத்தில் குண்டுகள் வெடிப்பதற்குச் சில நிமிடங்களுக்கு முன் தொலைக்காட்சி நிறுவனங்களுக்கு ஒரு மின்னஞ்சல் போனது. எங்கிருந்து வந்தது என்று தேடியபோது, நவி மும்பையில் ஓர் அமெரிக்கர் குடியிருந்த வீட்டு இணைப்பில் போய் நின்றது. அவருக்கும் அந்த மின்னஞ்சலுக்கும் சம்பந்தமே இல்லை. அவருடைய வை-ஃபையை வேறு யாரோ பயன்படுத்தியிருந்தார்கள். ஆனாலும் விசாரணை அவரிடம்தான் தொடங்கியது.

பல ரவுட்டர்களில் "கெஸ்ட் நெட்வொர்க்" என்று ஒரு வசதி உண்டு. பையன்களுக்கு அதைத் திறந்து விடுங்கள். உங்கள் கணினி, டிவி, கேமரா எதுவும் அவர்கள் கண்ணில் படாது. அவர்கள் வீடு மாறிப் போனால் அதை மட்டும் அணைத்துவிடலாம்.

கூடவே இன்னொரு வேலையையும் முடித்துவிடுங்கள். ரவுட்டரைத் தூக்கி அடிப்பக்கம் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரைப் பாருங்கள். 192.168.1.1 என்பது போல ஒரு எண்ணும், பயனர் பெயர் அட்மின், பாஸ்வேர்டும் அட்மின் என்பது போல ஒரு வரியும் இருக்கும். அந்த எண்ணை பிரவுசரில் அடித்து உள்ளே போனால் ரவுட்டரின் மொத்த அமைப்பும் அங்கேதான். இணைப்புக் கொடுக்க வந்தவர் வை-ஃபை பாஸ்வேர்டை மட்டும் மாற்றிவிட்டு இந்த அட்மின் பாஸ்வேர்டை அப்படியே விட்டுவிட்டுப் போயிருப்பார். நான் பார்த்த வீடுகளில் பெரும்பாலும் இதே கதைதான். 2016-இல் மிராய் என்ற கணினிக் கிருமி உலகம் முழுக்க ரவுட்டர்களையும் கண்காணிப்புக் கேமராக்களையும் பிடித்தது இந்த மாற்றாத பாஸ்வேர்டுகளை வைத்துத்தான். அப்படிப் பிடித்த கருவிகளை ஏவி, அந்த வருடம் அக்டோபர் 21 அன்று அமெரிக்காவில் பெரிய பெரிய இணையதளங்களையே முடக்கினார்கள். உள்ளே போனதும் அட்மின் பாஸ்வேர்டை மாற்றுங்கள், பாஸ்வேர்டு அடிக்காமலேயே இணைய விடும் டபிள்யூ.பி.எஸ். என்ற வசதியை அணையுங்கள், வை-ஃபை பாதுகாப்பு முறையாக டபிள்யூ.பி.ஏ.-2 அல்லது 3 தேர்வாகியிருக்கிறதா பாருங்கள். புதுப் பாஸ்வேர்டை ஒரு நோட்டில் எழுதி பீரோவில் வைப்பதில் எனக்கு எந்த ஆட்சேபமும் இல்லை. பீரோவைத் திறக்கும் திருடனுக்கு உங்கள் வை-ஃபை தேவைப்படாது.

எங்கள் வார்டு சாக்கடை பற்றி வாட்ஸ்அப் குழுவில் கோபமாக எழுதினேன். "66ஏ-யில் உள்ளே தள்ளுவேன்" என்று ஒருவர் மிரட்டுகிறார்.
— வாசகர், திண்டுக்கல்

இணையத்தில் புண்படுத்தும்படி எழுதுவதைக் குற்றமாக்கிய, தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66ஏ பிரிவை 2015 மார்ச் 24 அன்றே உச்ச நீதிமன்றம் ரத்து செய்துவிட்டது. இல்லாத பிரிவில் யாரையும் உள்ளே தள்ள முடியாது. அவதூறு, மிரட்டல் ஆகியவற்றுக்குத் தனிப் பிரிவுகள் இருக்கின்றன. அதனால் ஆளைத் திட்டாமல் சாக்கடையைப் பற்றி எழுதுங்கள், படத்தோடு.

இரவு பைக்கில் வரும்போது நிறுத்திய போலீஸ்காரர் போனைத் திறந்து காட்டு என்றார். காட்டினேன். வாட்ஸ்அப்பை எல்லாம் உருட்டிப் பார்த்தார். அவருக்கு அந்த உரிமை உண்டா?
— கல்லூரி மாணவர், பாளையங்கோட்டை

காரணமே இல்லாமல் உருட்டிப் பார்க்க உரிமை கிடையாது தம்பி. அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று 2017 ஆகஸ்ட் 24 அன்று ஒன்பது நீதிபதிகள் ஒருமித்துச் சொன்னார்கள். வழக்குக்காக ஒரு கருவி தேவை என்றால், மேலே டீச்சருக்குச் சொன்ன அதே பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 94-ஆம் பிரிவில் எழுத்து மூலம் கேட்கலாம். அவசரமாகச் சோதனை போட வேண்டும் என்றால் 185-ஆம் பிரிவின்படி காரணத்தை எழுதி வைக்க வேண்டும். சோதனையையும் பறிமுதலையும் வீடியோ எடுக்க வேண்டும் என்று 105-ஆம் பிரிவு சொல்கிறது. போனைப் பறிமுதல் செய்தால் மாடல், ஐ.எம்.இ.ஐ. எண் எல்லாம் பட்டியலில் எழுதியிருக்கிறதா என்று பார்த்து நகல் வாங்கு.

பாஸ்வேர்டைச் சொல்லும்படி குற்றம் சாட்டப்பட்டவரைக் கட்டாயப்படுத்தலாமா என்பதில் நீதிமன்றங்கள் ஒரே குரலில் பேசவில்லை. முறையான வாரண்டோடு கேட்கலாம் என்றது கர்நாடக உயர் நீதிமன்றம், 2021-இல். கட்டாயப்படுத்தக் கூடாது என்றது டெல்லியில் ஒரு சிபிஐ சிறப்பு நீதிமன்றம், 2022-இல். எனக்கு இரண்டாவதுதான் நியாயமாகப் படுகிறது. ஒருவனுடைய மண்டைக்குள் இருப்பதை அவனுக்கு எதிராகவே பிடுங்கக் கூடாது என்பதற்காகத்தானே அரசியல் சாசனத்தில் 20(3) இருக்கிறது?

இதெல்லாம் சரி, நடுரோட்டில் ராத்திரி பதினொரு மணிக்குச் சட்டம் பேசி அடி வாங்காதே. "சார், எந்த கேஸ் சம்பந்தமா பாக்கணும்?" என்று மரியாதையாக ஒரு முறை கேள். மீறினால் சட்டையில் இருக்கும் பெயர், ஸ்டேஷன், நேரம், இடம் எல்லாவற்றையும் மனதில் வைத்து, வீட்டுக்கு வந்ததும் எழுதிவிடு. மறுநாள் போலீஸ் கமிஷனருக்குப் பதிவுத் தபாலில் புகார் அனுப்பு, தபால் ரசீதைப் பத்திரமாக வை.

கடைக் கணினியில் விண்டோஸ் 10 இருக்கிறது, அதில்தான் டேலி மென்பொருளில் கணக்குப் போடுகிறேன். விண்டோஸ் 10 முடிந்துவிட்டது, புதுசு வாங்கு என்கிறார்கள். ஏழாம் தலைமுறை ஐ3, நன்றாகத்தான் ஓடுகிறது.
— ஜவுளி வியாபாரி, கரூர்

2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு விண்டோஸ் 10-க்கான வழக்கமான பாதுகாப்புப் புதுப்பிப்புகள் நின்றுவிட்டன. வீட்டு உபயோகக் கணினிகளுக்குப் பதிவு செய்துகொண்டால் 2026 அக்டோபர் 13 வரை நீட்டிப்பு உண்டு. விண்டோஸ் 11-க்கு இன்டெல்லில் பொதுவாக எட்டாம் தலைமுறையிலிருந்துதான் அனுமதி. நன்றாக ஓடும் பெட்டியை இப்படிக் குப்பைக்கு அனுப்ப வைப்பது அநியாயம் என்பதே என் கருத்து. டேலி போடுகிறீர்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். அது விண்டோஸில்தான் ஓடும், எனவே கணக்குக்கு ஒரு புதுக் கணினி வேண்டியிருக்கும். பழையதில் எஸ்எஸ்டி என்ற வேகமான சேமிப்பகத்தைப் போட்டு, விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் மின்ட் என்ற இயங்குதளத்தை ஏற்றி, வங்கி வேலைக்கும் மின்னஞ்சலுக்கும் மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். மின்ட் இலவசம். கடைப் பையன்கள் பென் டிரைவ் செருகும் கணினி வேறு, வங்கிக் கணக்கைத் திறக்கும் கணினி வேறு என்று பிரித்துவிடுவது உங்களுக்குக் கூடுதல் லாபம்.

லாட்ஜ், ஜெராக்ஸ் கடை, கூரியர் என்று எங்கே போனாலும் ஆதார் நகல் கேட்கிறார்கள். கொடுத்துத்தான் ஆக வேண்டுமா?
— தனியார் நிறுவன ஊழியர், சேலம்

நெட் சென்டர் நடத்திய காலத்தில், வருபவர்களின் அடையாள விவரத்தைப் பதிவேட்டில் எழுதி ஒரு வருடமாவது வைத்திருக்க வேண்டும் என்று 2011-இல் விதி வந்தது. வைத்திருக்கச் சொன்னார்கள் சரி, அப்புறம் அந்தக் காகிதத்தை என்ன செய்வது என்று எந்தக் கடைக்காரரும் யோசித்ததாக எனக்குத் தெரியவில்லை. காந்தி மார்க்கெட் பக்கம் வடை மடித்துக் கொடுத்த தாளில் ஒரு பெண்ணின் ஆதார் நகலைப் பார்த்திருக்கிறேன். படம், பிறந்த தேதி, வீட்டு முகவரி, பன்னிரண்டு எண்ணும் எண்ணெயில் ஊறித் தெளிவாகத் தெரிந்தன.

அடையாளம் கேட்கலாம். ஆதார்தான் வேண்டும் என்று லாட்ஜ்காரர் அடம் பிடிக்க முடியாது. ஓட்டுநர் உரிமமோ வாக்காளர் அட்டையோ காட்டுங்கள். ஆதாரே கொடுப்பதானால், கடைசி நான்கு எண் மட்டும் தெரியும் மறைக்கப்பட்ட ஆதாரை ஆதார் ஆணையத்தின் தளத்திலேயே இறக்கிக்கொள்ளலாம். நகலின் குறுக்கே "இந்த லாட்ஜில் தங்குவதற்கு மட்டும்" என்று தேதியோடு பேனாவால் எழுதிக் கையெழுத்துப் போடுங்கள். எழுத்து படத்தின் மேலும் ஏற வேண்டும், ஓரத்தில் எழுதினால் வெட்டிவிடுவார்கள்.

இதுவரை கொடுத்த நகல்களை வைத்து யாராவது உங்கள் பெயரில் சிம் வாங்கியிருக்கிறார்களா என்று பார்க்க, மத்திய தொலைத்தொடர்புத் துறையின் சஞ்சார் சாத்தி தளத்துக்குப் போய் உங்கள் செல் எண்ணைக் கொடுங்கள். ஓடிபி வந்ததும், உங்கள் பெயரில் இருக்கும் எண்கள் வரிசையாக வரும். தெரியாத எண் இருந்தால் அதன் பக்கத்திலேயே "என் எண் இல்லை" என்று தெரிவிக்க வழி இருக்கிறது. தெரிவித்தபின் வரும் கோரிக்கை எண்ணைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.