பங்குனியில் வடக்கே கிளம்பும் பறவைகள்: கேள்வி பதில்

பங்குனி, சித்திரையில் குளிர்கால விருந்தாளிகள் ஊர் திரும்புகின்றன. சேலம் மாவட்டத்து மேட்டூர், பூலாம்பட்டி, மூக்கனேரி, ஏற்காடு பக்கத்துப் பறவைகளைப் பற்றிக் கேளுங்கள். லவ் பேர்ட்ஸ் வளர்ப்பு எனக்குத் தெரியாது.

ஏற்காடு, காபித் தோட்டம்: அக்கா, காபிச் செடிக்கடியில் சருகு கிளறிக்கொண்டிருந்த பறவை ஒரு வாரமாகக் காணோம். பச்சை முதுகு, வாலடியில் சிவப்பு. பூனை பிடித்திருக்குமா?

பூனை மேல் பழி போடாதீர்கள், அது ஆறுமணிக் குருவி. விடியலிலும் அந்தியிலும் ஆறு மணி வாக்கில் இரட்டை விசில் அடிப்பதால் அந்தப் பெயர். குட்டை வால், மைனாவைவிடச் சிறிசு, ஆனால் மத்திய இந்தியாவுக்கும் இமயமலை அடிவாரத்துக்கும் போய்த்தான் கூடு கட்டும். கிளம்புமுன் நன்றாகத் தின்று கொழுப்புச் சேர்க்கும், அந்தக் கொழுப்புதான் வழிச்செலவுக்கு. பறப்பது ராத்திரியில். அதனால்தான் வழியில் களைத்துப்போய் விளக்கு வெளிச்சத்தில் தடுமாறி யார் வீட்டு வராந்தாவிலாவது விடியற்காலை உட்கார்ந்திருக்கும். அப்படிக் கிடைத்தால் காற்றோட்டமுள்ள அட்டைப்பெட்டியில், இருட்டான இடத்தில், சத்தமில்லாமல் வையுங்கள். வாயில் தண்ணீர் ஊற்றவே கூடாது, மூச்சுக்குழாயில் போய்விடும். தெளிந்ததும் மரத்தடியில் விடுங்கள், எழவில்லையென்றால் வனத்துறைக்குச் சொல்லுங்கள்.

அப்புறம், செல்போனில் அதன் குரலைப் போட்டுக் கூப்பிட்டுப் படம் எடுக்காதீர்கள். எதிரி வந்துவிட்டான் என்று ஓடிவரும், சேர்த்த கொழுப்பு அதிலேயே கரையும்.

அஸ்தம்பட்டி: குரல் போட எந்த ஆப் நல்லது?

மேலே இப்போதுதான் சொன்னேன்.

கன்னங்குறிச்சி: மூக்கனேரிக்கு ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த கூழைக்கடாக்கள் எப்போது திரும்பிப் போகும்?

போகாது, ஏனென்றால் அங்கிருந்து வரவே இல்லை. இது புள்ளிமூக்குக் கூழைக்கடா, நம் ஊர்ப் பறவை. கூந்தன்குளம், ஆந்திராவின் நேலப்பட்டு, கர்நாடகத்தின் கொக்கரே பெல்லூர் என்று நம் பக்கமே கூடு கட்டும். தண்ணீரும் மீனும் இருக்கிற ஏரியாகப் பார்த்து அலையும், அவ்வளவுதான்.

அம்மாபேட்டை: பள்ளியில் எங்கள் வாத்தியார் ஆஸ்திரேலியா என்றுதானே சொன்னார்?

எனக்கும் அப்படித்தான் சொன்னார்கள் தம்பி. ஆஸ்திரேலியாவில் கூழைக்கடா உண்டு, ஆனால் அது வேறு இனம்.

எடப்பாடி: அப்படியென்றால் சைபீரியாவிலிருந்தும் எதுவும் வருவதில்லையா? எல்லாம் கட்டுக்கதையா?

அப்படி எங்கே சொன்னேன்? வருகிறது, நீங்கள்தான் பார்ப்பதில்லை. ஏரி ஓரச் சேற்றில் வாலை ஆட்டிக்கொண்டு ஓடுகிற, வெள்ளைப் புள்ளி போட்ட பழுப்பு உள்ளான் இருக்கிறதே, எடை அறுபது கிராம் பக்கம், அது குஞ்சு பொரிப்பது ஐரோப்பாவின் வடகோடியிலும் சைபீரியாவிலும். பெரிய நாரைக்கும் கூழைக்கடாவுக்கும் மாலை போட்டுவிட்டு இதைச் சேற்றுக்குருவி என்று தாண்டிப் போகிறோம். எனக்கு இதில் கொஞ்சம் கோபமே உண்டு.

அம்மாபேட்டை: மஞ்சள்மூக்கு நாரையாவது வெளிநாடுதானே?

இல்லை. அதுவும் இங்கேதான்.

ஓமலூர்: வயலில் வாலாட்டிகள் திடீரென்று பளிச்சென்று மஞ்சளாகிவிட்டன. புது இனமா?

பழைய ஆட்கள்தான், புது உடுப்பு. மஞ்சள் வாலாட்டி கிளம்புமுன் இறகு மாற்றி இனப்பெருக்கக் கோலத்துக்கு வரும். வந்தபோது மங்கலாக இருந்தது, போகும்போது கல்யாண வேஷம். நல்ல கவனிப்பு, தேதியைக் குறித்து வையுங்கள்.

சூரமங்கலம்: மேட்டூரில் கூழைக்கடா பார்த்தேன், எந்த நாட்டிலிருந்து...

இந்தியா.

தாரமங்கலம்: நாளை பூலாம்பட்டி போகிறோம், என்ன கிடைக்கும்?

ஏழு மணிக்குள் கரையில் இருங்கள். வாத்துகள் பெரும்பாலும் போயிருக்கும். கம்பிகளில் நீலவால் பஞ்சுருட்டான் இருக்கிறதா பாருங்கள், பச்சையாகத் தெரிகிற எல்லாம் அதுவல்ல, சின்னப் பஞ்சுருட்டான் உள்ளூர்க்காரன். தகைவிலான்கள் தண்ணீரை உரசிப் பறக்கும். சேற்று ஓரத்தில் அந்த உள்ளானையும் ஒரு நிமிடம் நின்று பார்த்துவிட்டு வாருங்கள்.