ஸ்கேனில் மறதி தெரியுமா? வாசகர் கேள்விகள்

கே: அப்பாவுக்கு 78 வயதில் அல்சைமர் வந்தது. எனக்கு 41. இப்போதே ஸ்கேன் எடுத்துவிடலாமா?

வேண்டாம். ஒற்றை மரபணுப் பிழையால் தலைமுறை தலைமுறையாக இறங்குவது நூற்றில் ஒன்றுகூட இல்லை. அது பெரும்பாலும் 40, 50 வயதிலேயே வந்துவிடும்.

கே: எம்.ஆர்.ஐ., பெட்: எது முந்திக் காட்டும்?

பெட் ஸ்கேன். அல்சைமரில் மூளையில் அமிலாய்டு என்ற புரதம் படிவதை அது காட்டும். எம்.ஆர்.ஐ.யில் ஹிப்போகேம்பஸ் என்ற ஞாபகப் பகுதி சுருங்கித் தெரிய இன்னும் பல வருடம் ஆகும்.

கே: எத்தனை வருடம் முன்பே தெரியும்?

கொலம்பியாவின் ஆன்டியோகியா பகுதியில் பிரெசெனிலின்-1 என்ற மரபணுவில் அல்சைமரைக் கொண்டுவரும் பிழை ஓடும் பெரிய உறவுக் கூட்டம் உண்டு. பிழை உள்ளவர்களுக்கு ஞாபகம் சறுக்குவது 44 வயது வாக்கில். பெட்டில் அமிலாய்டு தலைகாட்டியது 28 வாக்கில். ஆனால் அதே கூட்டத்தில் ஓர் அம்மாளுக்கு மூளை நிறைய அமிலாய்டு இருந்தும், எழுபது வயது வரை ஞாபகம் கெடவில்லை. ஆகவே, படத்தை வைத்து நாள் குறிக்காதீர்கள்.

கே: எச்சில் பரிசோதனையில் ஏபிஓஇ-4 (அல்சைமர் அபாயத்தைக் கூட்டும் மரபணு வகை) இரண்டு பிரதி என்று வந்தது. அமிலாய்டு பெட்டும் பாசிட்டிவ். டிமென்ஷியா (மறதி நோய்) ஆரம்பித்துவிட்டதா?

வயதை எழுதவில்லை, ஞாபகம் எப்படி என்றும் எழுதவில்லை; ரிப்போர்ட் மட்டும் நான்கு பக்கம்! முதலில் மரபணு ஆலோசனை, அப்புறம்தான் பரிசோதனை என்று எத்தனை தடவை எழுதுவது? அந்தக் கொலம்பியா உறவுக் கூட்டத்தில், அமிலாய்டை எதிர்க்கும் கிரெனெசுமாப் மருந்தைச் சுமார் 250 பேரிடம் சோதித்தபோது, பிழை இல்லாதவர்களையும் சேர்த்துக்கொண்டு, அவர்களுக்கு மருந்தில்லாத வெற்று ஊசி போட்டார்கள். ஆய்வில் சேர்ந்ததை வைத்தே, 'இவனுக்கு இருக்கிறது' என்று யாரும் ஊகித்துவிடக் கூடாதே என்றுதான். அப்படிப் பொத்திக் காத்த சேதியை நீங்கள் கூரியரில் வந்த குப்பியில் துப்பி, போனில் படித்துவிட்டு, பதறிக்கொண்டு எழுதுகிறீர்கள். இரண்டு பிரதி இருந்தால் அபாயம் பத்து மடங்கு வாக்கில் கூடும். வந்தே தீரும் என்பதில்லை. பெட்டில் அமிலாய்டு இல்லாத மூளையின் வெண்பகுதி மரக்கிளை போலத் தனித்துத் தெரியும்; படிந்துவிட்டால் கிளையும் ஓரமும் ஒன்றாகக் கலந்துவிடும். படம் சொல்வது அவ்வளவுதான். ஞாபகத்தை அளக்கத் தாளும் பேனாவும் போதும். அதைச் செய்தீர்களா? நாள் குறிக்க வேண்டாம், மறுபடியும் சொல்கிறேன்.

கே: எனக்கும் அதே இரண்டு பிரதிதான். லெகனெமாப் ஊசி போட்டுக்கொள்ளலாமா?

அமிலாய்டை அகற்றும் மருந்து அது; அறிகுறி தொடங்கியவர்களுக்குத்தான். ஆய்வில் உங்களைப் போன்றவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு மூளை வீக்கம் தெரிந்தது. ஊசி தொடங்கினால் அடிக்கடி எம்.ஆர்.ஐ. எடுக்கச் சொல்வது அதனால்தான்.

கே: சாவி வைத்த இடம் மறக்கிறது. எந்த ஸ்கேன்?

தைராய்டு, பி-12 பாருங்கள். என்னென்ன மாத்திரை, எத்தனை மணி நேரத் தூக்கம் என்று எழுதுங்கள். அப்படியே வயதையும்.