'அனுப்ப வேண்டாம்' என்பதை ஆங்கிலத்தில் எப்படி எழுதுவது?

ரங்கூனில் உளுந்து ஏற்றுமதி செய்யும் கம்பெனி ஒன்றில் வேலை பார்க்கும் தம்பி ஒருவர் கேட்டிருக்கிறார்: "சென்னை வியாபாரிக்கு 'முன்பணம் அனுப்ப வேண்டாம்' என்று எழுதச் சொன்னார் முதலாளி. 'யூ மஸ்ட் நாட் சென்ட் தி அட்வான்ஸ்' என்று மெயில் போட்டேன். சரக்கு இல்லையா, ஏதாவது பிரச்சினையா என்று அவர் பதறிப்போய் போன் செய்துவிட்டார். எங்கே தப்பு?"

தம்பி, குழப்பம் நம் 'வேண்டாம்' என்ற சொல்லிலேயே இருக்கிறது. செருப்போடு வாசலில் நிற்பவரிடம் "உள்ளே வர வேண்டாம்" என்றால் அது தடை. காய்ச்சலில் படுத்திருப்பவரிடம் "நாளைக்கு வேலைக்கு வர வேண்டாம்" என்றால் அது சலுகை. குரலையும் இடத்தையும் வைத்து நாம் புரிந்துகொள்கிறோம். ஆங்கிலத்தில் இரண்டையும் பிரித்துத்தான் சொல்ல வேண்டும். கூடாது என்றால் 'மஸ்ட் நாட்'. தேவையில்லை என்றால் 'டோன்ட் ஹேவ் டு'. நீங்கள் எழுதியதை அவர் 'பணம் அனுப்பவே கூடாது' என்று படித்திருக்கிறார். பதறாமல் என்ன செய்வார்?

நீங்கள் தினமும் பேசும் பர்மிய மொழியே இதற்குக் கைகொடுக்கும். எழுதும் முன் அந்த வாக்கியத்தை மனதுக்குள் பர்மியத்தில் சொல்லிப் பாருங்கள். 'மயபூ' என்று வந்தால் மஸ்ட் நாட். 'மலோபூ' என்று வந்தால் டோன்ட் ஹேவ் டு. இலக்கண விதியை மனப்பாடம் செய்வதைவிட இது நல்ல வழி.

'வேண்டும்' என்பதிலும் இதே சிக்கல் உண்டு. "கப்பல் நேற்றே கிளம்பியிருக்க வேண்டும்" என்கிறோம். கிளம்பியிருக்கும் என்று ஊகித்துச் சொன்னால் 'மஸ்ட் ஹேவ் லெஃப்ட்'. கிளம்பவில்லையே என்ற ஆதங்கத்தில் சொன்னால் 'ஷுட் ஹேவ் லெஃப்ட்'. இதை மாற்றி எழுதினால், திலாவா துறைமுகத்திலேயே நிற்கும் சரக்கு கடலில் வந்துகொண்டிருக்கிறது என்று வாங்குபவர் நம்பிவிடுவார். கவனம். அப்புறம், "நேற்று போக வேண்டியிருந்தது" என்பதற்கு மஸ்ட் உதவாது, 'ஹேட் டு' போடுங்கள்.

'லாம்' அவ்வளவு கஷ்டமில்லை. "மழை வரலாம்" என்ற சந்தேகத்துக்கு மே அல்லது மைட். "நீங்கள் போகலாம்" என்ற அனுமதிக்கு கேன் அல்லது மே. "வா, டீ குடிக்கலாம்" என்பதற்கு லெட்ஸ். கேன், மஸ்ட், ஷுட் இவற்றுக்குப் பின்னால் 'டு' சேர்க்காதீர்கள். 'கேன் ஏபிள் டு' வேண்டவே வேண்டாம், கேன் ஒன்றே போதும்.

சரி, இன்றே சென்னைக்கு இன்னொரு மெயில் போட்டுவிடுங்கள்: "யூ டோன்ட் ஹேவ் டு சென்ட் தி அட்வான்ஸ் நவ். யூ கேன் பே லேட்டர்." இங்கே கேனுக்குப் பதில் மே போட்டாலும் இலக்கணம் சரிதான். ஆனால் அதில் மேலிடத்திலிருந்து அனுமதி கொடுக்கும் தொனி இருக்கும். பழகிய வியாபாரிக்கு கேன்தான் இதமாக இருக்கும்.