வருமான வரி விபரத்திரட்டை ஏன் இணையவழியில் சமர்ப்பிக்கச் சொல்கிறார்கள்?

ஏப்ரல் 1 முதல் மார்ச் 31 வரையான உங்கள் வருமானத்தையும் அதற்குரிய வரியையும் உள்நாட்டு இறைவரித் திணைக்களத்துக்குக் காட்டும் கணக்கே விபரத்திரட்டு. அதைக் காகிதத்தில் கொடுத்தால், யாரோ ஒருவர் மீண்டும் கணினியில் ஏற்ற வேண்டும். பிழை நுழைவது பெரும்பாலும் அங்கேதான். கலியாண அழைப்பிதழுக்கான பெயர்களை அச்சகத்துக்குத் தொலைபேசியில் சொல்வதற்கும் நீங்களே தட்டச்சு செய்து கொடுப்பதற்கும் உள்ள வித்தியாசம் இது. கொழும்பு 2இல் உள்ள தலைமையகத்துக்குக் கடைசி நேரத்தில் அலைவதும் மிச்சம். கணக்காளரிடம் ஒப்படைப்பவர்களும் சமர்ப்பித்ததற்கான அத்தாட்சியைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். சட்டப் பொறுப்பு உங்களுடையதுதான்.

விபரத்திரட்டை அனுப்பிவிட்டால் வரியும் கட்டியதாகிவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படியல்ல, இரண்டுக்கும் கடைசித் திகதி வேறு: வரியின் இறுதிக் கொடுப்பனவுக்குச் செப்டெம்பர் 30, விபரத்திரட்டுக்கு நவம்பர் 30.