சீட்டுக்கு அட்வான்ஸ் கட்டுறதுக்கு முன்னாடி

சார், நேத்து நீங்க மூணு பேரும் வந்துட்டு போனதுல இருந்து மனசு சரியில்ல, அதான் எழுதறேன். பொண்ணுக்கு மார்க் கம்மியானா என்ன, பாத்துக்கலாம், கவலைப்படாதீங்கன்னு ஆறுதலா நாலு வார்த்தை சொல்லி அனுப்பிட்டேன். அது தப்பு. லோன் போட்டு கம்ப்யூட்டர் இன்ஜினியரிங் சீட் வாங்கறதுன்னு முக்கால்வாசி முடிவு பண்ணிட்டு, நான் தலையாட்டணும்னுதான் வந்தீங்க. நான் ஆட்ட மாட்டேன்.

அவ்ளோ நேரமும் நீங்களும் அவங்க அம்மாவும்தான் பேசினீங்க, பொண்ணு வாயே திறக்கல. கீழ ரோட்டுல குப்பை லாரி தொட்டிய தூக்கும்போது ஒரு ஊளைச் சத்தம் வந்துச்சே, அப்பதான் எந்திரிச்சு ஜன்னல்கிட்ட போச்சு. "ஆயில் குறைஞ்சிருக்கும், பம்ப் காத்தையும் சேர்த்து இழுக்குது"ன்னு தனக்குள்ளயே சொல்லிக்கிச்சு. நீங்க "உக்காரும்மா"ன்னுட்டு கட்-ஆஃப் பத்தி பேச ஆரம்பிச்சுட்டீங்க. தொட்டிய தூக்கற ஹைட்ராலிக் ஆயில் குறைஞ்சா பம்ப் அப்படித்தான் கத்தும் சார். எனக்கே அது நேத்து சாயங்காலம் அந்த மாதிரி வண்டிய ரிப்பேர் பாக்கற ஒருத்தர்கிட்ட கேட்டப்பதான் தெரிஞ்சுது.

இன்ஜினியரிங், ஆர்ட்ஸ், பேங்க் பரீட்சை இதெல்லாம் பத்தி நான் சொல்ல ஒண்ணும் இல்ல, சொந்தக்காரங்களே சொல்லியிருப்பாங்க. யாருமே சொல்லாத ஒண்ணு இருக்கு: மாநகராட்சி வாகனப் பிரிவுல மெக்கானிக். நகர நிர்வாகம் எந்த ஊர்ல இருந்தாலும் அதுக்கு வண்டி இருக்கும், வண்டி இருந்தா பெரும்பாலும் ஒர்க்‌ஷாப் இருக்கும். குப்பைய அமுக்கி ஏத்தற கம்பாக்டர் லாரி, ரோடு பெருக்கற வண்டி, சாக்கடை அடைப்பெடுக்கற ஜெட்டிங் வண்டி, தண்ணி லாரி, தெருவிளக்கு மாத்த ஆள ஏத்திட்டு மேல போற வண்டி, ஜேசிபி. கார் சர்வீஸ் சென்டர்ல வருஷக்கணக்கா ஆயில் மாத்திட்டே இருக்கறதும் இதுவும் ஒண்ணு இல்ல.

குப்பை லாரியவே எடுத்துக்கோங்க. ஒரு ஷிஃப்ட்ல நூத்துக்கணக்கான தடவை நிக்கும், கிளம்பும், அதனால பிரேக் லைனிங் மத்த லாரிய விட சீக்கிரம் தேயும். நின்ன இடத்துலயே இன்ஜின் ஓடி குப்பைய அமுக்கும், கிலோமீட்டர் ஏறாது, ஆனா இன்ஜின் தேய்ஞ்சுக்கிட்டே இருக்கும். ஓடோமீட்டர மட்டும் நம்பி சர்வீஸ் பண்ணா ஏமாந்துதான் போகணும், இன்ஜின் ஓடின மணிநேரக் கணக்கு வேணும். புது டீசல் வண்டில புகைக் கரிய பிடிக்கற ஃபில்டர் ஒண்ணு இருக்கு, சைலன்சர் நல்லா சூடானாத்தான் அந்தக் கரி எரியும். தெருத் தெருவா ஊர்ந்து போற வண்டில அந்த சூடு வர்றதே இல்ல, ஃபில்டர் அடைச்சுக்கும். டிரைவர் "வண்டி இழுக்கல"ன்னு ஒரே வார்த்தைல சொல்லிட்டு போயிடுவார், ஃபில்டரா, சென்சாரா, டர்போவான்னு வண்டியோட கம்ப்யூட்டர படிக்கற ஸ்கேன் டூல மாட்டிட்டு கண்டுபிடிக்கறது மெக்கானிக்தான்.

காத்து அழுத்தத்துல வேலை செய்யற ஏர் பிரேக் வேற கதை. ஹெவி வண்டில பார்க்கிங் பிரேக்க பிடிக்கறது காத்து இல்ல சார், ஸ்பிரிங். காத்து அந்த ஸ்பிரிங்க அமுக்கி வெச்சிருக்கும், காத்து போச்சுன்னா ஸ்பிரிங் விரிஞ்சு வண்டிய நிறுத்திடும். இதைச் சொன்னதும் நேத்து போன்ல உங்க பொண்ணு கேட்ட முதல் கேள்வி, "அப்ப பிரேக்டவுன் ஆன வண்டிய எப்படி சார் டோ பண்ணுவாங்க?" சரியான கேள்வி. ஸ்பிரிங்க பின்னாடி இழுத்துப் பிடிக்கறதுக்குன்னே ஒரு போல்ட் இருக்கு.

இப்ப எலக்ட்ரிக் பஸ், எலக்ட்ரிக் குப்பை வண்டின்னு வர ஆரம்பிச்சாச்சு. தினம் ஒரே ரூட், ராத்திரி ஒரே டிப்போ, அதனால சார்ஜ் போட தோதான வண்டிங்க இதுதான். பல வண்டில பேட்டரி 600 வோல்ட்டையும் தாண்டும், கரண்ட ஆஃப் பண்ணி, யாரும் போடாத மாதிரி சுவிட்ச பூட்டி வெச்சு, டெஸ்டர வெச்சு கரண்ட் இல்லைன்னு உறுதி பண்ணிட்டுத்தான் கைய வைக்கணும். மெக்கானிக்னா படிப்பு வராதவன்னு சொல்ற பெரிய மாமாவ ஒரு தடவ அந்த வயரிங் படத்த படிச்சு காட்டச் சொல்லுங்க.

"பொண்ணு போய் கிரீஸ்ல கைய வைக்கறதா"ன்னு அத்தை கேட்டாங்களாம். கியர்பாக்ஸ ஆம்பளையும் கையால தூக்கறதில்ல, ஜாக்குல எறக்குவாங்க. இதுக்கு மேல அந்தப் பேச்சுக்கு நான் பதில் சொல்றதா இல்ல.

கஷ்டம் இல்லையான்னா இருக்கு. நாத்தம் உண்டு, குப்பைத் தண்ணி மேல சொட்டும், டெட்டனஸ், ஹெபடைடிஸ் பி ஊசி போட்டுத்தான் ஆகணும். வண்டி பகல்ல ஓடினா ரிப்பேர் ராத்திரி ஷிஃப்ட்தான். தூக்கின பின்கதவுக்கு சேஃப்டி முட்டு குடுக்காம உள்ள குனிஞ்சா உயிரே போகலாம். ஹைட்ராலிக் ஆயில் போற ஹோஸ் குழாய்ல ஊசி முனை அளவு லீக் இருந்தாலும் கைய வெச்சு தடவக்கூடாது, ஆயில் தோலைத் துளைச்சு உள்ள போயிடும், வெளிய பாத்தா சின்ன புள்ளிதான், ஆனா ஆபரேஷன் வரைக்கும் போயிடும். ப்ரமோஷனும் மெதுவாத்தான் வரும், ஃபோர்மேன் ஆக வருஷம் பிடிக்கும்.

இப்ப பணம். இதுல மட்டும் நான் வளைஞ்சு குடுக்க மாட்டேன். ஹெவி வெஹிக்கிள் மெக்கானிக் கோர்ஸ் முடிச்சு அப்ரண்டிஸா சேர்ந்தா கத்துக்கும்போதே கொஞ்சம் காசு கைக்கு வரும். நீங்க போடப்போற லோன்ல பாடம் நடக்கும்போதே வட்டி ஓடும், பாதில பிடிக்காம வெளிய வந்தாலும் கடன் உங்கள விடாது. வீட்ட அடமானம் வெக்கற யோசனைய அவங்க அம்மா மெதுவா சொன்னாங்களே, அத இன்னிக்கே கைவிடுங்க.

அட்வான்ஸ் கட்ட வெள்ளிக்கிழமை கடைசின்னு சொன்னீங்க. அதுக்கு முன்னாடி ஒரு நாள் காலைல, அனுமதி கேட்டு, ஒரு வாகனப் பிரிவு ஒர்க்‌ஷாப்புக்கு பொண்ண கூட்டிட்டு போங்க. ஃபோர்மேன்கிட்ட ரெண்டு விஷயம் நீங்க கேளுங்க: ஆள நேரடியா எடுக்கறாங்களா, கான்ட்ராக்ட் வழியாவா? அப்ரண்டிஸ் முடிச்சவங்க எத்தனை பேர் அங்கயே வேலைல இருக்காங்க? கான்ட்ராக்ட் மட்டும்தான்னா எனக்கு சொல்லுங்க, வேற இடம் பாப்போம். மத்தத பொண்ணு கேட்டுக்கும். மாமாவ கூட்டிட்டு போகாதீங்க.